குரோத் மைண்ட்செட்: ‘வராது’க்கும் ‘இன்னும் வரேல்ல’க்கும் இடையில்

திருகோணமலையில் ஒரு பாடசாலைச் சுவரில் இரண்டு மூளைகள் வரைந்து பதாகை கட்டியிருந்தார்கள். பச்சை மூளைக்குக் கீழே ‘வளர்ச்சி மனநிலை’. சிவப்பு மூளைக்குக் கீழே ‘நிலையான மனநிலை’. பெற்றோர் கூட்டத்துக்கு வந்த ஒரு தகப்பன் அதைப் பார்த்துவிட்டு, “நிலையான மனம் நல்லதுதானே டீச்சர், அதை ஏன் சிவப்பில போட்டிருக்கு?” என்று கேட்டார். தமிழ் அறிந்தவர் கேட்கவேண்டிய கேள்விதான். மனம் ஒரு நிலையில் நிற்கவேண்டும் என்று கோயிலில் வேண்டுகிற நாம், அதே சொல்லைப் பாடசாலையில் குற்றமாக எழுதி வைத்திருக்கிறோம்.

பதாகையில் இருந்த ‘வளர்ச்சி மனநிலை’, குரோத் மைண்ட்செட் என்ற ஆங்கிலத் தொடரின் தமிழாக்கம். அந்தத் தொடரைப் பரப்பியவர் அமெரிக்க உளவியலாளர் கரோல் டுவெக். அறிவும் திறமையும் பிறப்போடு அளந்து கொடுக்கப்பட்டவை அல்ல, பயிற்சியாலும் வழிமுறையாலும் பிறர் உதவியாலும் கூடக்கூடியவை என்ற நம்பிக்கையே அதன் பொருள். அதற்கு எதிரானது ஃபிக்ஸ்ட் மைண்ட்செட். 2006இல் வந்த அவருடைய நூலுக்குப் பிறகுதான் இந்தச் சோடி உலகமெங்கும் ஓடியது. குரோத் என்ற சொல், ஆங்கிலத்தில் புல்லுக்கும் பச்சைக்கும் உரிய சொற்களோடு ஒரே வேரில் முளைத்தது. மைண்ட்செட்டில் உள்ள ‘செட்’ வேறு சாதி. சீமெந்து ‘செட்’ ஆகிவிட்டது என்கிறோமே, அதே செட். முளைப்பதையும் இறுகுவதையும் ஒரே தொடரில் கட்டியிருக்கிறார்கள்.

இனித் தமிழுக்கு வருவோம். மைண்ட்செட்டுக்கு ‘மனநிலை’ பொருந்தாது, அது இன்றைக்கு ஒன்று, நாளைக்கு ஒன்று. ‘மனப்பான்மை’ தாழ்வு மனப்பான்மையால் எல்லாருக்கும் பழகிய சொல். ஆனால் பான்மை, ‘பால்’ என்பதிலிருந்து வந்தது. பழைய தமிழில் பாலுக்கு ஊழ் என்றும் ஒரு பொருள் உண்டு. விதியை மறுக்கிற கருத்துக்கு விதியின் பெயரையே வைப்பானேன்? நம் நாட்டு ஆசிரியர்களுக்கு ‘அறிவு, திறன், மனப்பாங்கு’ என்ற வரிசை மனப்பாடம். ஆகவே மனப்பாங்கையே எடுத்துக்கொள்ளலாம். (பள்ளிவாசலில் சொல்லும் பாங்கு பாரசீகத்திலிருந்து வந்தது, அதற்கும் இதற்கும் உறவில்லை.)

‘வளர்ச்சி’யையும் விட்டுவிடலாம் என்பேன். அதைக் கேட்டாலே பொருளாதாரச் செய்திதான் நினைவுக்கு வருகிறது. ‘வளர்’ போதும். வளர்பிறை என்பதுபோல வளர்மனப்பாங்கு. வினைத்தொகை என்பதால் வளர்ந்த, வளர்கின்ற, வளரும் என மூன்று காலமும் அதற்குள் அடங்கிவிடும். மற்றதற்கு ‘இறுகிய மனப்பாங்கு’. அப்படி எழுதியிருந்தால் அந்தத் தகப்பனுக்குக் கேள்வி எழுந்திருக்காது.

ஔவையார் பெயரில் வழங்கும் தனிப்பாடல் ஒன்று கல்வியை ‘மனப்பழக்கம்’ என்கிறது. அழகான சொல். ஆனால் அதே பாட்டு, நட்பும் கொடையும் ‘பிறவிக் குணம்’ என்று முடிகிறது. இரண்டு மனப்பாங்கும் ஒரே வெண்பாவில்!

பதாகையைவிட வாயில் வரும் சொல்தான் பிள்ளையைப் போய்ச் சேர்கிறது. நாம் அள்ளிக் கொடுக்கிற பாராட்டு ‘கெட்டிக்காரன்’. கெட்டி என்றால் திண்மை, இறுக்கம். 1998இல் டுவெக்கும் கிளோடியா மியூலரும் வெளியிட்ட ஆய்வில், புதிர்களைச் சரியாகச் செய்த ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளில் சிலரிடம் ‘நீ கெட்டிக்காரப் பிள்ளை’ என்ற பொருளிலும், வேறு சிலரிடம் ‘நல்லாப் பாடுபட்டிருக்கிறாய்’ என்ற பொருளிலும் ஒரு வசனம் சொன்னார்கள். பிறகு கடினமான புதிர்களில் எல்லாரும் தடுமாறினார்கள். அதற்குப் பின் கெட்டிக்காரர்கள்தான் சோர்ந்தார்கள். அவர்களுடைய புள்ளியும் இறங்கியது.

நம் பிள்ளைகளின் ‘எனக்குக் கணக்கு வராது’ என்ற வசனத்தை இலக்கணமாகப் பாருங்கள். ‘வராது’ நேற்றைக்கும் நாளைக்கும் சேர்த்துக் கதவைச் சாத்துகிற எதிர்மறை. ‘வரேல்ல’ இதுவரை நடந்ததை மட்டும் சொல்கிறது. ‘இன்னும்’ சேர்ந்தால் நாளை திறந்துவிடுகிறது. சிகாகோவில் ஒரு பாடசாலை, சித்தியடையாத பாடத்துக்கு ‘இன்னும் இல்லை’ என்று தரம் போட்டதை டுவெக் வியந்து சொல்லியிருக்கிறார். நமக்கு அது வினைமுற்றிலேயே இருக்கிறது.

ஆனாலும் இதை மந்திரமாக்க வேண்டாம். 2019இல் வெளியான பெரிய அமெரிக்க ஆய்வு ஒன்பதாம் வகுப்பு மாணவர் ஏறத்தாழ 12,000 பேரிடம் நடந்தது. ஒரு மணித்தியாலத்துக்கும் குறைவான இணையப் பயிற்சி. பின்தங்கிய மாணவரின் சராசரித் தரப்புள்ளி ஏறத்தாழ 0.1 கூடியது. சிறிய பலன். ‘முயற்சி செய், முயற்சி செய்’ என்று தட்டிக்கொடுப்பது மட்டும் வளர்மனப்பாங்கு அல்ல என்று டுவெக்கே 2015இல் எழுதவேண்டி வந்தது. வழி மாற்றாத முயற்சி, பிழையான திறப்பைப் பூட்டில் போட்டுத் திருகிக்கொண்டே இருப்பதுதான்.

உப்புவெளியில் என்னிடம் பின்னேர வகுப்புக்கு வரும் ஒரு பிள்ளை, காரணிப்படுத்தலில் −2, −3 எடுக்கவேண்டிய இடத்தில் −2, +3 எடுத்துவிட்டு, “டீச்சர், எனக்கு இது வராது” என்று கொப்பியை மூடினாள். மூடிய கொப்பியைத் திறந்து அந்தச் சகக்குறியைச் சுற்றி ஒரு வட்டம் போட்டேன். “ரெண்டையும் பெருக்கிப் பார். 6 வருதா?” பார்த்தாள். −6. அடுத்த கிழமை ஐந்து கணக்குச் செய்துகொண்டு வந்தாள். நாலு சரி. ஐந்தாவதில் திரும்பவும் அதே குறி. கொப்பியை நீட்டும்போதே சொன்னாள், “குறி மட்டும்தான் டீச்சர் இன்னும் வரேல்ல.”