பெரிய கத்திக்கு எவ்வளவு கடினம் வேண்டும்?

போர்க்கத்திகளைச் சேகரிக்கும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: “பத்து அங்குல அலகுள்ள கத்தி ஒன்று வாங்கப் போகிறேன். ஒரு விற்பனையாளர் தன் கத்தியின் கடினத்தன்மை 62 என்கிறார். இன்னொருவர் 56 என்கிறார். எஃகு ஒன்றுதான், விலையும் ஏறத்தாழ ஒன்றுதான். 62-ஐத்தானே வாங்க வேண்டும்?”

56-ஐ வாங்குங்கள். காரணம் எஃகுக்குள் அணுக்களின் அளவில் நடக்கும் ஒரு மாற்றத்தில் இருக்கிறது. உலோகவியலில் அதைவிட அழகான நிகழ்வு இன்னொன்று இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

முதலில் அந்த எண். அது ராக்வெல் ‘சி’ அளவுகோல். 120 டிகிரி கூம்பாகத் தீட்டிய வைரமுனையை 150 கிலோ எடையால் எஃகின் மேல் அழுத்தி, அது எவ்வளவு ஆழம் இறங்குகிறது என்று பார்க்கிறார்கள். குறைவாக இறங்கினால் எண் கூடும். அழுத்தினால் குழி விழுமா என்பதற்கு அந்த எண் பதில் சொல்லும். அடித்தால் முறியுமா என்பதற்குச் சொல்லாது. காய்கறி நறுக்கும் மெல்லிய கத்திக்கு முதல் கேள்வி போதும், அதனால் அது 60-ஐத் தாண்டியும் இருக்கலாம். பெரிய கத்தி வீசி வெட்டுவதற்கானது. ஒரே பருமனுள்ள அலகின் நீளத்தை இரு மடங்காக்கினால் எடை இரு மடங்குதான் ஆகும், ஆனால் பிடியை மையமாக வைத்துச் சுழற்றும்போது அதன் நிலைமத் திருப்புத்திறன், அதாவது சுழற்சி மாறுவதை எதிர்க்கும் குணம், எட்டு மடங்காகிவிடும். அத்தனை வேகத்தோடு வரும் அலகு மரக்கணுவிலோ இன்னொரு இரும்பிலோ மோதி நிற்கும்போது, அந்த ஆற்றல் முழுவதையும் எஃகு முறியாமல் வாங்கிக்கொள்ள வேண்டும்.

எஃகு என்பது இரும்போடு சிறிது கார்பன் சேர்ந்தது. பெரிய கத்திகளுக்கு எடையில் 0.5 முதல் 1 சதவீதம் வரை கார்பன் உள்ள எஃகுகளே பெரும்பாலும் பயன்படுகின்றன. வாகனங்களின் பட்டை வில்களுக்கும் பயன்படும் 5160 அப்படிப்பட்ட ஒன்று, அதில் சுமார் 0.6 சதவீதம் கார்பன். சாதாரண வெப்பநிலையில் இரும்பணுக்கள் கனசதுரத்தின் எட்டு மூலைகளிலும் நடுவிலும் அமர்ந்திருக்கும். இந்த அடுக்கில் கார்பனுக்கு இடமே இல்லை என்று சொல்லலாம்: அதிகபட்சம் 0.02 சதவீதம். தூய இரும்பை 912 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக்கினால் அடுக்கு மாறிவிடும். அணுக்கள் மூலைகளிலும் முகங்களின் நடுவிலும் போய் அமரும், இடையில் கார்பன் தாராளமாக நுழைய வழி பிறக்கும். கார்பன் கலந்த எஃகில் இந்த மாற்றம் 727 டிகிரியிலேயே தொடங்கிவிடுகிறது. கொல்லர்கள் இந்தப் பதத்தைக் காந்தத்தை வைத்துப் பார்ப்பார்கள். 770 டிகிரி வாக்கில் இரும்பு தன் காந்த ஈர்ப்பை இழக்கும், அதற்குமேல் இன்னும் கொஞ்சம் சூடேற்றினால் போதும்.

இப்போது மெல்ல ஆறவிட்டால் கார்பன் நிதானமாக வெளியேறி, இரும்புக் கார்பைடு அடுக்குகளாகப் படிந்துவிடும். எஃகு மென்மையாகத்தான் இருக்கும். தோய்ச்சல் போட்டால், அதாவது தண்ணீரிலோ எண்ணெயிலோ சட்டென்று முக்கினால், கதை வேறு. இறங்க வேண்டிய நிறுத்தம் வருவதற்குள் கதவு சாத்தப்பட்ட பஸ்ஸில் மாட்டிக்கொண்ட பயணியைப் போல, கார்பன் உள்ளேயே சிக்கிக்கொள்ளும். இரும்பு தன் பழைய கனசதுரத்துக்குத் திரும்பப் பார்க்கும். நடுவில் கார்பன் இருப்பதால் முடியாமல், ஒரு பக்கமாக நீண்டு இழுபட்ட வடிவத்தில் உறைந்து நிற்கும். இதுதான் மார்ட்டென்சைட். ஜெர்மானிய உலோகவியலாளர் அடோல்ஃப் மார்ட்டென்ஸின் நினைவாக 1895-இல் பிரெஞ்சு விஞ்ஞானி ஃப்ளோரிஸ் ஆஸ்மான்ட் வைத்த பெயர்.

இந்த மாற்றம் நடக்கும் விதம்தான் என்னை வியக்க வைப்பது. பொதுவாகத் திண்மத்துக்குள் மாற்றம் என்றால் அணுக்கள் ஒவ்வொன்றாக இடம்விட்டு இடம் தாவும், அதற்கு நேரம் ஆகும். இங்கே எந்த அணுவும் பயணம் போவதில்லை. கோடிக்கணக்கான அணுக்கள் வரிசை கலையாமல், அக்கம்பக்கத்து அணுவை விட்டுப் பிரியாமல், ஓர் அணு இடைவெளிக்கும் குறைவான தூரம் ஒன்றாகச் சாய்கின்றன. அந்தச் சாய்வு உலோகத்தினுள் ஒலி செல்லும் வேகத்தை நெருங்கும் வேகத்தில் பரவுகிறது. ஒரு மார்ட்டென்சைட் தகடு முழுதாக உருவாக, விநாடியின் பத்து லட்சத்தில் ஒரு பங்குகூடத் தேவையில்லை. நேரத்துக்கும் இதற்கும் ஏறக்குறையச் சம்பந்தமே இல்லை என்பது இன்னும் விந்தை. 0.6 சதவீதக் கார்பன் எஃகில் சுமார் 250 டிகிரியில் தொடங்கும் மாற்றம், வெப்பநிலை இறங்க இறங்கத் தொடரும். இறங்குவது நின்றால் மாற்றமும் நின்றுவிடும். எத்தனை நேரம் காத்திருந்தாலும் பெரிதாக நகராது. மறுபடி குளிரவிட்டால் விட்ட இடத்திலிருந்து தொடரும்.

மாறும்போது எஃகு பருக்கவும் செய்கிறது, கன அளவில் 4 சதவீதம் வரை. இதைக் கண்ணால் பார்க்க வேண்டுமானால் ஜப்பானிய வாளுக்குத் தோய்ச்சல் போடுவதைப் பாருங்கள். வாளின் முதுகில் களிமண்ணைத் தடிமனாகவும் கூர்ப்பக்கம் மெல்லியதாகவும் பூசிச் சூடாக்கி, தண்ணீரில் முக்குவார்கள். கூர்ப்பக்கம் முதலில் குளிர்ந்து சுருங்குவதால் வாள் கீழ்நோக்கி வளையும். அடுத்த சில கணங்களில் அதே கூர்ப்பக்கம் மார்ட்டென்சைட்டாகிப் பருக்கும், வாள் எதிர்ப்பக்கம் வளைந்து அப்படியே நின்றுவிடும். அந்த வாளின் புகழ்பெற்ற வளைவில் பெரும்பங்கு இப்படித் தண்ணீருக்குள் பிறப்பது. சில சமயம் உள்ளிருந்து ‘டிக்’ என்று ஓர் ஒலி கேட்கும். கேட்டால் அலகில் விரிசல் விழுந்துவிட்டது, அத்தனை நாள் உழைப்பும் வீண். நேபாளத்துக் கொல்லர்கள் இதே நோக்கத்தை வேறு வழியில் அடைகிறார்கள். பழுக்கக் காய்ச்சிய குக்ரி என்ற வளைந்த கத்தியின் கூர்ப்பக்கத்தில் மட்டும் கெண்டியிலிருந்து தண்ணீரை மெல்லிய தாரையாக ஊற்றுவார்கள். கூர் கடினமாகும், முதுகு மென்மையாகவே தங்கும், அடி விழும்போது முதுகு தாங்கிக்கொள்ளும். வெறும் தண்ணீர்த் தாரையால் ஒரே இரும்பில் இரண்டு குணங்களை வரவழைக்கும் இந்தக் கைத்திறனுக்கு நான் தலைவணங்குகிறேன்.

தோய்ச்சல் முடிந்ததும் எஃகு 62-ஐயும் தாண்டி நிற்கும். அரத்தை வைத்து இழுத்தால் கடிக்காமல் வழுக்கும். அந்த நிலையில் கத்தியைக் கல்தரையில் தவறவிட்டால் உடைந்தே போகலாம். இழுபட்ட அணு அடுக்கில் வளைந்து கொடுப்பதற்கான வழிகள் அடைபட்டிருப்பதே காரணம். ஆகவே மீண்டும் இளஞ்சூடாக்கிப் பதப்படுத்துகிறார்கள். 200 டிகிரி வாக்கில் கார்பனுக்குக் கொஞ்சம் நகரத் தெம்பு இருக்கும். அது நுண்ணிய கார்பைடு துகள்களாக ஒதுங்கும், அடுக்கின் இறுக்கம் தளரும். மெருகேற்றிய அலகில் இதை நிறமாகவே காணலாம். 220 டிகிரி வாக்கில் வைக்கோல் மஞ்சள், 255-இல் பழுப்பு, 280-இல் ஊதா, 300-இல் நீலம். சூட்டால் ஒளிர்வதன் நிறமல்ல இது. மேற்பரப்பில் படரும் ஆக்ஸைடு படலம் தடிக்கத் தடிக்க ஒளியலைகள் ஒன்றையொன்று வலுப்படுத்தியும் அழித்தும் காட்டும் நிறம்.

இந்த எளிய வேதியியலைச் சுற்றி எவ்வளவு மூடநம்பிக்கை! செம்பட்டைத் தலைமுடிச் சிறுவனின் சிறுநீரில் முக்கினால் இரும்பு நன்கு கடினமாகும் என்று 12-ஆம் நூற்றாண்டு ஐரோப்பியக் கைவினைக் குறிப்பு ஒன்று சொல்கிறது. அதில் உண்மையின் ஒரு துளி உண்டு: உப்பு. வெறும் தண்ணீரில் சூடான அலகைச் சுற்றி நீராவிப் போர்வை உருவாகிக் குளிர்வதைத் தடுக்கும், உப்பு நீர் அந்தப் போர்வையைச் சீக்கிரம் கிழித்துவிடும். தலைமுடியின் நிறத்துக்கு இதில் வேலை இல்லை. அலகின் பக்கவாட்டில் ஓடும் பள்ளம் இரத்தம் வடிவதற்காக என்பதும் இன்னும் சாகாத கட்டுக்கதை. விறைப்பை அதிகம் இழக்காமல் எடையைக் குறைப்பதே அந்தப் பள்ளத்தின் வேலை.

எஃகின் முறியாத்தன்மையை அளக்கும் முறைக்கு நூறாண்டுக்கு மேல் வயதாகிறது. வெட்டுக்காயம் போட்ட சிறு எஃகுத் துண்டை ஊசல் சுத்தியலால் உடைத்து, அதற்குச் செலவான ஆற்றலைக் கணக்கிடும் சோதனையை ஜார்ஜ் ஷார்ப்பி 1901-இல் விளக்கினார். ஆனால் இந்தத் துறை பெரிய அளவில் வளர்ந்ததற்கு, 1943 ஜனவரியில் அமெரிக்காவில் ஷெனெக்டடி என்ற புத்தம்புதிய எண்ணெய்க் கப்பல், கரையோரம் அசையாமல் நின்றபடியே குளிர் இரவில் பிளந்ததும், அதைப் போன்ற பிற விபத்துகளும்தான் காரணம். கப்பல் பிளந்தால்தான் பணம் வரும் என்ற நிலை எனக்கு இன்றும் கோபமூட்டுகிறது. புதிய கலவைகளுக்கு நிதி ஓடி வருகிறது. பழைய எஃகை எந்த வெப்பத்தில் எவ்வளவு நேரம் பதப்படுத்தினால் எவ்வளவு அடி தாங்கும் என்ற பொறுமையான அட்டவணை வேலைக்கும் அதே மரியாதை வேண்டும். சில எஃகுகளை 250 முதல் 350 டிகிரிக்குள் பதப்படுத்தினால் கடினமும் குறைந்து, முறியாத்தன்மையும் குறைந்துவிடுகிறது. இது தெரியவந்ததே அப்படிப்பட்ட சலிப்பூட்டும் சோதனைகளால்தான். ஆகவே 56 என்ற எண்ணோடு நிற்காமல், எந்த எஃகு, எந்த வெப்பத்தில் பதப்படுத்தியது என்றும் விற்பவரிடம் கேளுங்கள்.

பிறகு பிடிக்குள் நுழையும் வால்பகுதி அலகோடு சேரும் மூலையைப் பாருங்கள். கூரிய மூலையில் தகைவு, அதாவது எஃகுக்குள் உண்டாகும் விசையின் இறுக்கம், பல மடங்கு குவியும் என்பதை 1913-இலேயே சார்ல்ஸ் இங்லிஸ் கணக்கிட்டுக் காட்டினார். பெரிய கத்திகள் அடிக்கடி முறிவது அந்த இடத்தில்தான். செங்கோணமாக வெட்டியிருந்தால் வேண்டாம், உருட்டி வளைத்திருந்தால் நல்லது. பிடிக்குள் மறைந்திருந்தால், கழற்றிய நிலையில் எடுத்த படம் கேளுங்கள்.

எடுத்துச் செல்வதைப் பொறுத்தவரை, எந்த நீளம்வரை வெளியில் கொண்டுபோகலாம் என்பது நாட்டுக்கு நாடு மாறும். அதை வாங்குவதற்கு முன்பே பார்த்துவிடுங்கள். தோல் உறையில் தையலுக்கும் கத்தியின் கூருக்கும் நடுவே ஒரு தோல்பட்டை வைத்துத் தைத்திருக்க வேண்டும். அது இல்லையென்றால், உருவும் ஒவ்வொரு முறையும் கூர் நூலைக் கொஞ்சம் அறுக்கும். ஒரு நாள் உறை பிளந்து விரல் வெட்டுப்படும். உருவும்போது உறையின் கூர்ப்பக்கத்தில் விரலை வைக்காதீர்கள். நீண்ட அலகானால் உறை இடுப்புவாரிலிருந்து தளர்ந்து தொங்கட்டும். விறைப்பாகக் கட்டினால் உட்காரும்போது பிடி விலாவில் இடிக்கும்.

வீட்டில் வைக்கும்போது உறையிலிருந்து எடுத்துவிட்டு, எண்ணெய் தடவித் தனியே வையுங்கள். பதனிட்ட தோலில் அமிலமும் உப்பும் தங்கியிருக்கும், காற்றின் ஈரத்தையும் அது உறிஞ்சும். அந்த ஈரத்தில் அலகில் விழும் துரு வெறும் கறையல்ல, நுண்ணிய குழி. இங்லிஸின் கணக்கு அந்தக் குழிக்கும் பொருந்தும்.