கீழ்வீட்டு ‘அடடா’ முதலில் கேட்பது ஏன்?

மேற்கு மாம்பலத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: “மாடியில் நான், கீழே வீட்டு ஓனர். இருவரும் விம்பிள்டன் பார்க்கிறோம். அவர் வீட்டில் டிஷ் ஆன்டெனா. நான் 100 எம்பிபிஎஸ் ஃபைபர் இணைப்பில் ஆப் வழியாகப் பார்க்கிறேன். என் திரையில் சர்வ் போடப் பந்தைத் தூக்கும்போதே கீழேயிருந்து ‘அடடா, டபுள் ஃபால்ட்டு!’ என்று சத்தம் வருகிறது. லண்டன் அவ்வளவு தூரமா? 300 எம்பிபிஎஸ் பிளானுக்கு மாறினால் சரியாகுமா?”

சரியாகாது. அந்தப் பணத்தை மிச்சம் பிடியுங்கள்.

தூரத்தின் மேல் பழி போட முடியாது. லண்டனுக்கும் சென்னைக்கும் நேர்க்கோட்டில் சுமார் 8,200 கிலோமீட்டர். கடலடிக் கேபிள் சுற்றி வளைத்து 15,000 கிலோமீட்டர் வந்தாலும், கண்ணாடி இழைக்குள் ஒளி விநாடிக்கு ஏறக்குறைய 2 லட்சம் கிலோமீட்டர் ஓடுவதால், விநாடியில் பதின்மூன்றில் ஒரு பங்குக்குள் வந்து சேர்ந்துவிடும். கீழ்வீட்டு டிஷ்ஷுக்கு வரும் சிக்னல்தான் உண்மையில் அதிக தூரம் போகிறது: பூமத்திய ரேகைக்கு மேலே 35,786 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கும் செயற்கைக்கோளுக்கு ஏறி இறங்கியாக வேண்டும். அதற்கே கால் விநாடி. இருந்தும் அவர்தான் முந்துகிறார். அப்படியானால் உங்கள் திரை மைதானத்துக்குப் பின்தங்கும் அரை நிமிடம் எங்கே தொலைகிறது? படத்தைச் சுருக்குவதிலும், சுருக்கியதைப் பொட்டலம் கட்டுவதிலும்.

மைதானத்தில் ஒரு எச்டி கேமராவிலிருந்து வெளிவரும் சிக்னல் விநாடிக்கு ஏறத்தாழ 1.5 கிகாபிட் (பிட் என்பது தகவலின் மிகச் சிறிய அலகு). உங்கள் வீட்டுக்கு வருவது 6 மெகாபிட் சொச்சம். 250 பங்கில் ஒரு பங்கு. மீதி 249 பங்கை எறிந்த பிறகும் படம் படமாகத் தெரிகிறதே, அதுதான் இந்தத் துறையின் சாமர்த்தியம்.

ஒரு படத்துக்குள்ளேயே சுருக்குவது முதல் படி. புல்தரையைச் சின்னச் சின்னக் கட்டங்களாக வெட்டி, ஒவ்வொரு கட்டத்திலும் பிரகாசம் எவ்வளவு மெதுவாக அல்லது வேகமாக மாறுகிறது என்று பிரித்து, கண்ணுக்குப் புலப்படாத நுணுக்க மாற்றங்களைக் கழித்துவிடுகிறார்கள். இந்தப் பிரிப்புக்கான கணிதத்துக்கு டிஸ்கிரீட் கொசைன் டிரான்ஸ்ஃபார்ம் என்று பெயர். பெங்களூரில் பிறந்த நசீர் அகமது, அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தில் இருந்தபோது இதை ஆராய 1972-இல் அந்நாட்டுத் தேசிய அறிவியல் அறக்கட்டளையிடம் நிதி கேட்டார். கிடைக்கவில்லை, யோசனை ரொம்ப எளிமையாக இருக்கிறதாம். நிதி இல்லாமலே வேலையை முடித்து, டி. நடராஜன், கே. ஆர். ராவ் ஆகியோருடன் 1974 ஜனவரியில் கட்டுரையாக வெளியிட்டார். இன்று உங்கள் போனில் உள்ள ஜேபெக் படம் முதல் டிவியில் வரும் மேட்ச் வரை எல்லாம் அந்த ‘ரொம்ப எளிமையான’ யோசனையின் மேல்தான் நிற்கின்றன. ‘இதனால் சமூகத்துக்கு என்ன பயன், 200 சொற்களில் விளக்குக’ என்று கேட்கும் நிதி விண்ணப்பங்களை நம் ஊரிலும் பார்க்கிறோம். இந்தக் கதையை அந்தக் குழுக்களின் மேஜை மேல் கண்ணாடிக்கு அடியில் வைக்கலாம்.

ஆனால் அசல் வித்தை அடுத்த படியில் இருக்கிறது. விநாடிக்கு 50 படம் என்றால், ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் வித்தியாசம் மிகக் கொஞ்சம். எனவே எல்லாப் படங்களையும் முழுசாக அனுப்புவதில்லை. மூன்று வகை பிரேம்கள் உண்டு. ஆங்கிலத்தில் எழுத்துப் பெயர் வைத்திருக்கிறார்கள். தமிழில் எழுதினால் அதில் இரண்டும் ‘பி’ ஆகிவிடுவதால் நாம் வேறு பெயர் வைத்துக்கொள்வோம். தன்னளவில் நிறைவானது முழு பிரேம். முந்தைய படத்தைப் பார்த்து, ‘அந்தக் கட்டத்தை எடுத்து நான்கு புள்ளி இடப்பக்கம் தள்ளி வை’ என்பதுபோல் குறிப்பு மட்டும் தருவது தொடர் பிரேம். முன்னால் வந்த படம், பின்னால் வரப்போகும் படம், இரண்டையும் பார்த்து எழுதப்படுவது இடை பிரேம்.

வரப்போகும் படத்தை எதற்குப் பார்க்க வேண்டும்? ஆட்டக்காரர் பேஸ்லைனுக்குப் பின்னால் இடமிருந்து வலமாக ஓடுகிறார் என்று வையுங்கள். அவருக்குப் பின்னால் கரும்பச்சைத் தடுப்பில் ஏதோ எழுத்துகள். அவர் ஒரு அடி நகர்ந்ததும், இதுவரை அவர் முதுகு மறைத்திருந்த ஓர் எழுத்து வெளியே வருகிறது. முந்தைய படத்தில் தேடினால் அந்த எழுத்தே இல்லை. அங்கே வெள்ளைச் சட்டைதான் இருக்கிறது. தொடர் பிரேமாக இருந்தால் அதைப் புதிதாக வரைந்தே அனுப்ப வேண்டும், செலவு அதிகம். மூன்று படம் தள்ளிப் பார்த்தாலோ, அதற்குள் அவர் முழுசாக விலகியிருப்பார். எழுத்து பளிச்சென்று நிற்கும். ‘அங்கேயிருந்து எடுத்துக்கொள்’ என்று ஒரு வரியில் வேலை முடிந்தது. நகரும் பொருள் எதை மறைத்ததோ அது கடந்த காலத்தில் கிடைக்காது, எதிர்காலத்தில் கிடைக்கும்.

அதனால் திரையில் 1, 2, 3, 4 என்று தெரியும் படங்கள் கம்பியில் 1, 4, 2, 3 என்ற வரிசையில் பயணம் செய்கின்றன. நான்காவது படம் முதலில் வந்து பெட்டிக்குள் காத்திருக்கிறது. இரண்டும் மூன்றும் அதைப் பார்த்துத் தங்களை உருவாக்கிக்கொண்ட பிறகுதான் அது திரைக்கு வருகிறது. எதிர்காலத்தை எட்டிப் பார்ப்பதற்கு வழி ஒன்றுதான்: எதிர்காலம் வரும்வரை நிகழ்காலத்தை நிறுத்தி வைப்பது. மூன்று பிரேம் காத்திருப்பது ஒன்றுமில்லை, விநாடியில் 6 சதவீதம். ஆனால் சுருக்கும் கருவி பேராசைக்காரன். அடுத்து கேமரா எழுந்து நின்று கைதட்டும் கூட்டத்துக்குத் தாவப் போகிறதா, ஆயிரம் முகம் உள்ள அந்தக் காட்சிக்கு இப்போதே பிட் சேமிக்க வேண்டுமா என்று தெரிந்துகொள்ள ஒன்றிரண்டு விநாடி முன்னோக்கிப் பார்க்கிறது. இந்தச் சுருக்கல் ஒரு தடவை நடந்து முடிவதுமில்லை. மைதானத்தில் நிற்கும் ஒளிபரப்பு வண்டியில் ஒரு முறை. இந்திய ஸ்டூடியோவில் பிரித்து, விளம்பரமும் வர்ணனையும் சேர்த்து இன்னொரு முறை. டிடிஎச் நிறுவனத்தில் மற்ற சேனல்களோடு சேர்த்து மறுபடியும் ஒரு முறை. கூட்டினால் கீழ்வீட்டு ஓனரே மைதானத்துக்கு 5 முதல் 10 விநாடி பின்னால்தான் இருக்கிறார். அவருக்கு அது தெரியாது, அவ்வளவுதான்.

மாடிவீட்டுக்கு என்ன கூடுதல் கஷ்டம்? டிடிஎச் என்பது குழாய்த் தண்ணீர். வர வர விழுந்துகொண்டே இருக்கும். ஆப் வழி வருவது மெட்ரோ வாட்டர் லாரி. வீடியோவை 6 விநாடித் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொன்றையும் ஒரு கோப்பாக அனுப்புகிறார்கள். லாரி முழுசாக நிரம்பாமல் கிளம்பாது. அதிலேயே 6 விநாடி போயிற்று. உங்கள் போனோ மூன்று லாரி வந்து சம்ப்பில் இறங்கிய பிறகுதான் குழாயைத் திறக்கும். நடுவில் ஒரு லாரி டிராஃபிக்கில் மாட்டினாலும் படம் நிற்கக் கூடாதே என்ற முன்னெச்சரிக்கை. 18 விநாடி சம்ப்பில், 6 விநாடி லாரியில், டிடிஎச்சுக்கும் உள்ள அதே சுருக்கல் வேலை ஒரு பக்கம். மொத்தம் 30 விநாடியைத் தொடுகிறது. உங்கள் இணைய வேகம் என்பது லாரியிலிருந்து சம்ப்புக்குப் போகும் ஓஸின் பருமன். 300 எம்பிபிஎஸ் வாங்கினால் ஓஸ் பருமனாகும், லாரி சீக்கிரம் கிளம்பாது. லாரி நிரம்பும்போதே கொஞ்சம் கொஞ்சமாக அனுப்பும் முறைகளும் வந்துவிட்டன. ஆனால் சம்ப் சின்னதானால் சின்ன தடங்கலுக்கும் வட்டம் சுற்றும். லட்சக்கணக்கானோர் ஒரே நேரத்தில் பார்க்கும்போது, தாமதமாக வந்தால் யாரும் திட்டுவதில்லை, நின்றுபோனால் எல்லோரும் திட்டுவார்கள் என்பது நிறுவனங்களின் கணக்கு. கிரிக்கெட்டுக்கு அது பொருந்தலாம். டென்னிஸுக்கு இது மோசமான பேரம் என்பது என் எண்ணம்: ஒரு பாயின்ட் முடிந்து அடுத்த சர்வுக்கு 25 விநாடிதான் கெடு. 20 விநாடிக்கு மேல் பின்தங்கினால் ஒரு பாயின்ட் முழுசாகப் பறிபோகிறது.

அம்பயர் தன் டேப்லெட்டில் தட்டும் ஸ்கோர் வெறும் சில எழுத்துகள். அது எந்த லாரிக்கும் காத்திராமல் ஓரிரு விநாடியில் உலகம் சுற்றி வந்துவிடும். ஸ்கோர் ஆப்பின் அறிவிப்பை மேட்ச் நேரத்தில் அணைத்து வையுங்கள்.

பந்து சில நேரம் காணாமல் போவதும் இதே சுருக்கலின் பக்கவிளைவு. மணிக்கு 200 கிலோமீட்டர் வேகத்தில் போகும் சர்வ், விநாடிக்கு 55 மீட்டருக்கு மேல் பாய்கிறது. 50 பிரேம் என்றால் ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் நடுவில் 1.1 மீட்டர், ஆப் 25 பிரேம் மட்டும் கொடுத்தால் 2.2 மீட்டர். பந்தின் குறுக்களவோ ஏழு சென்டிமீட்டருக்கும் குறைவு. திரையின் அகலத்தில் 18 மீட்டர் அடங்குகிறது என்று வைத்துக்கொண்டால், எச்டி படத்தில் பந்து ஏழே புள்ளி. படத் தரத்தை 480-க்கு இறக்கினால் மூன்று புள்ளி. 16-க்கு 16 புள்ளிக் கட்டமாகத் தேடும் கருவிக்கு, பச்சைக்கு நடுவே மூன்று புள்ளி மஞ்சள் என்பது தூசு மாதிரி. பிட் தாராளமாக இருக்கும்போது மதிக்கும். கேமரா லாப் ஷாட்டைத் தொடர்ந்து வேகமாகத் திரும்பி, கேலரிக் கூட்டம் முழுக்கப் படத்தில் நகரும்போது, பிட் எல்லாம் அங்கே போய்விடும். பந்து பட்டினி.

இதில் மஞ்சள் நிறம் செய்யும் உபகாரம் பெரிது. சுருக்கும்போது பிரகாசத்தை முழு நுணுக்கத்தோடு வைத்துக்கொண்டு, நிறத் தகவலை நீளத்திலும் அகலத்திலும் பாதியாக்கிவிடுவார்கள். கண்ணுக்கு அது உறைக்காது. புல்லிலிருந்து நிறத்தால் மட்டும் வேறுபட்ட பந்து அதில் கரைந்திருக்கும். பளீர் மஞ்சள் பிரகாசத்திலேயே தனித்து நிற்பதால் தப்பிக்கிறது. வண்ண டிவிக்காகத்தான் சர்வதேச டென்னிஸ் கூட்டமைப்பு 1972-இல் மஞ்சள் பந்தை அனுமதித்தது. விம்பிள்டன் 1986 வரை வெள்ளைப் பந்தை விடவில்லை.

பந்து தரையில் பட்டு எழ ஏறத்தாழ 5 மில்லிவிநாடி. உங்கள் படங்களுக்கு நடுவே 20 மில்லிவிநாடி. விழுந்த கணம் பெரும்பாலும் எந்தப் படத்திலும் இருக்காது. போனைப் பார்த்து ‘அவுட்டு’ என்று சண்டை போடுவதில் அர்த்தமில்லை. கோர்ட்டைச் சுற்றியுள்ள தனி கேமராக்கள் பாதையைக் கணக்கிட்டுச் சொல்வதுதான் தீர்ப்பு. விம்பிள்டனில் 2025 முதல் லைன் அம்பயர்களே கிடையாது.

இனி கைக்கு எட்டும் வைத்தியம். ஆப்பில் 50 பிரேம் தெரிவு இருந்தால் எடுங்கள். தரத்தை ‘ஆட்டோ’வில் விடாமல் 1080-இல் நிறுத்துங்கள், 5 எம்பிபிஎஸ்ஸில் நான்கு மணி நேர மேட்ச் 9 ஜிபி தின்னும், வீட்டு வைஃபை என்றால் கவலையில்லை. நாளுக்கு ஒன்றரை ஜிபி மொபைல் பேக் அந்தத் தரத்தில் 40 நிமிடம்தான் வரும், முதல் செட்டே முடியாது. காலிங் பெல் அடித்து பாஸ் பண்ணிவிட்டு வந்தாலோ, வட்டம் சுற்றி நின்றாலோ, ஆப் விட்ட இடத்திலிருந்து தொடரும். அந்த நேரமும் தாமதத்தில் சேரும். ‘லைவ்’ பொத்தானைத் தொட்டால் சம்ப்பில் உள்ள பழைய தண்ணீர் கொட்டப்பட்டு முன்னுக்கு வருவீர்கள். டிவியில் மோஷன் ஸ்மூத்திங் இருந்தால் அணையுங்கள்: இரண்டு படத்துக்கு நடுவே இல்லாத படத்தை அது கற்பனை செய்கிறது, ஒரு மீட்டர் தாண்டிய பந்தை இனம் காணத் தெரியாமல் இரண்டு அரைப் பந்தாகக் காட்டும். யுஎஸ் ஓபனில் பந்து வெட்டி வெட்டிப் போவதாகத் தோன்றினால் அது டிவி கோளாறாக இருக்க வேண்டியதில்லை. அமெரிக்கப் படம் விநாடிக்கு 60, நம் ஒளிபரப்பு 50. மாற்றும்போது விநாடிக்கு சுமார் பத்துப் படத்தை விழுங்கவோ கலக்கவோ வேண்டும்.

‘நான் உட்கார்ந்து பார்த்தால் அவன் தோத்துடுவான்’ என்று மேட்ச் பாயின்டில் எழுந்து சமையலறைக்குப் போகிறவர்கள் எல்லாத் தெருவிலும் உண்டு. மாடிவீட்டில் அது இன்னும் வீண்: அந்தப் பாயின்ட் முடிந்து, இருவரும் கைகுலுக்கியும் ஆகியிருக்கும்.

கீழ்வீட்டு ஓனருக்கும் ஒரு கண்டம் இருக்கிறது. டிடிஎச் டிஷ் பிடிக்கும் அலையின் நீளம் சுமார் இரண்டரை சென்டிமீட்டர். கனமழையின் துளிகள் அதை நன்றாகவே விழுங்கும். கேபிள்காரர் மொட்டை மாடியில் வைத்திருக்கும் பெரிய டிஷ்ஷின் அலை ஏழு சென்டிமீட்டருக்கு மேல், அது அவ்வளவு லேசில் அசையாது. சென்டர் கோர்ட் ஆட்டம் தொடங்குவது நம் நேரம் மாலை 6 மணிக்கு. ஜூன் கடைசியிலும் ஜூலையிலும் சென்னையில் இடி மழை பிடிக்கும் நேரமும் அதுதான். மழை விட்ட பிறகும் படம் வரவில்லை என்றால் பெட்டியின் மெனுவில் சிக்னல் பக்கத்தைப் பாருங்கள்: பலம் நிறைய, தரம் குறைவு என்றால் காற்றில் டிஷ் திரும்பியிருக்கலாம்; இரண்டும் குறைவு என்றால் எல்என்பி (டிஷ்ஷின் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் சிக்னல் பிடிக்கும் கருவி) முனையில் கேபிளைத் திருகிக் கழற்றிப் பாருங்கள். நடுக் கம்பி பச்சை பூத்திருந்தால் அரை அங்குலம் வெட்டிப் புது கனெக்டர் போட்டு, மேலே ரப்பர் டேப் சுற்ற வேண்டும். இடி ஓயும்வரை அதற்காக மொட்டை மாடி ஏறாதீர்கள். மழை கொட்டும் மாலையில் ஓனர் மாடிக்கு வந்து உங்கள் போனில் பார்க்கட்டும்; 20 விநாடி தாமதத்தை அன்று அவர் குறை சொல்லமாட்டார்.