சொல் விளக்கம்: டிப்போ – சாலை

"பருத்தித்துறைச் சாலைக்குப் புதிய முகாமையாளர்" என்று யாழ்ப்பாணத்துப் பத்திரிகையில் ஒரு தலைப்பு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். மதுரையில் இருந்து அதை வாசிப்பவர் குழம்பிப்போவார். தார் போட்ட ஒரு பாதைக்கு எதற்கு முகாமையாளர்? யாழ்ப்பாணத்து வாசகருக்கு அந்தக் குழப்பமே வராது. இங்கே பாதை என்றால் வீதி, தெரு, பேச்சில் றோட்டு. இலங்கைப் போக்குவரத்துச் சபையின் பஸ்கள் இரவில் தங்கி, காலையில் புறப்படும் இடந்தான் சாலை. வாயால் சொல்லும்போது "டிப்போ", எழுதும்போது "சாலை" என்பது இங்கே நெடுநாள் வழக்கம்.

டிப்போ பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்த சொல். மூலம் இலத்தீன், 'கீழே வைத்தது, ஒப்படைத்தது' என்பது பொருள். வங்கியில் பணம் வைப்பதைக் குறிக்கும் 'டெபொசிற்' என்ற சொல்லும் அதே வேரில் பிறந்தது. பிரெஞ்சுக்காரர் அந்தச் சொல்லின் கடைசி மெய்யை உச்சரிப்பதில்லை. ஆங்கிலமும் அப்படியே எடுத்தது. நாம் எழுத்தைப் பார்த்து வாங்காமல் காதால் கேட்டு வாங்கினோம், அதனால் தமிழில் அது டிப்போ என்றே நின்றது. முதலில் படைக்கலமும் உணவும் சேர்த்து வைக்கும் இடத்தைக் குறித்து, பிறகு ரயிலுக்கும் பஸ்ஸுக்கும் வந்தது. ஆக, சொல்லின் அடியில் இருப்பது 'வைத்திருக்கும் இடம்' என்ற பொருள் மட்டுமே. அங்கே வேலை நடக்கிறது என்பதை அது சொல்வதில்லை.

சாலை அதைச் சொல்கிறது. வடமொழியின் 'சாலா'வோடு உறவுள்ள சொல் இது; மண்டபம், கொட்டகை, ஒரு தொழிலுக்கென அமைத்த கட்டடம் என்பன பொருள். பாடசாலை, வைத்தியசாலை, தொழிற்சாலை, களஞ்சியசாலை, நூதனசாலை என்று ஈழத்து வழக்கில் இந்தப் பொருள் இன்றும் உயிரோடு இருக்கிறது. கல்வெட்டுகளிலும் செப்பேடுகளிலும் சாலை இன்னும் பெரியது. முதலாம் இராசராசனின் மெய்க்கீர்த்தியில் "காந்தளூர்ச் சாலை கலமறுத்தருளி" என்று வரும். கலம் என்பது கப்பலா உண்கலமா என்று அறிஞர்கள் இன்னும் வாதாடுகிறார்கள்; உண்கலம் என்பவர்கள் அந்தச் சாலையை மாணவர் தங்கி, உண்டு, பயின்ற நிறுவனமாகக் காண்கிறார்கள். 9ஆம் நூற்றாண்டில் ஆய் மன்னன் கருநந்தடக்கன் பார்த்திவசேகரபுரத்தில் 95 சட்டர்களுக்கு, அதாவது வேதம் பயிலும் மாணவர்களுக்கு, ஒரு சாலை அமைத்ததைச் செப்பேடு பதிந்திருக்கிறது. எத்தனை பேருக்கு இடம் என்ற எண்ணிக்கையோடு, அவர்களைப் பேணுவதற்கு விட்ட நிலத்தையும் சேர்த்தே அது பேசுகிறது. ஒரு பஸ் சாலையைத் திட்டமிடும்போதும் இந்த இரண்டையுமே கேட்க வேண்டும்: எத்தனை பஸ்ஸுக்கு இடம், அவற்றைப் பேண வருவாய் எங்கிருந்து?

இருபுறமும் மரம் நட்ட பெருவழியைச் சாலை என்பதும் பழைய வழக்குத்தான். தமிழ்நாட்டில் அந்தப் பொருள் வளர்ந்து மற்றதை விழுங்கிவிட்டது. இலங்கையில் அது 'நெடுஞ்சாலை' என்ற கூட்டுச்சொல்லோடு நின்றுவிட்டது.

டிப்போவுக்குத் தமிழகத்தில் இருந்து வரும் வேறு இரண்டு சொற்களும் யாழ்ப்பாணத்தில் செல்லாது. ஒன்று பணிமனை. தமிழகத்தில் பேருந்துப் பணிமனை என்றால் எல்லோருக்கும் விளங்கும். இங்கே பணிமனை என்றால் அலுவலகம்: வலயக் கல்விப் பணிமனை, சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை. பஸ் திருத்தும் இடத்தை வேலைத்தளம் என்போம். மற்றது கிடங்கு. அங்கே அது பொருள் சேமிக்கும் கட்டடம். இங்கே நிலத்தில் தோண்டிய குழி. டிப்போவை 'பேருந்துக் கிடங்கு' என்று எழுதினால், ஏதோ பஸ் குழிக்குள் விழுந்துவிட்டது என்றுதான் நம்மவர் எண்ணுவார். சாலைக்குள் கிடங்கு உண்டுதான். பஸ்ஸை மேலே நிறுத்தி, மெக்கானிக் கீழே நின்று அடிப்பகுதியைப் பார்க்கும் குழி அது.

நிலையத்தோடும் சாலையைக் குழப்பக்கூடாது. யாழ். ஆஸ்பத்திரி வீதியில் உள்ளது மத்திய பஸ் நிலையம். பயணி ஏறி இறங்கும் இடம். யாழ்ப்பாணச் சாலை இருப்பது கோண்டாவிலில். பயணிக்கு அங்கே வேலையில்லை. பொதுப் போக்குவரத்துக்குப் பணம் ஒதுக்கும்போது நேரும் பெரிய பிழை இந்த வேறுபாட்டில்தான் தொடங்குகிறது. நிலையம் ஊரின் நடுவே, எல்லோர் கண்ணிலும் படும் இடம். நாடா வெட்டலாம், பெயர்க்கல் பதிக்கலாம். சாலையில் ஒரு கிடங்குக்குக் கூரை போட்டால் யாருக்கும் தெரியாது. ஆனால் காலை ஐந்தரைக்கு வரவேண்டிய பஸ் வருமா வராதா என்பதை அந்தக் கூரைதான் முடிவு செய்கிறது: மாரியில் கிடங்குக்குள் தண்ணீர் நின்றால் அன்று பிறேக் பார்க்க முடியாது, பிறேக் பாராத பஸ்ஸை வெளியே விடவும் கூடாது.

ஒரு சாலையில் இரவு நடக்கும் வேலைக்கு ஒழுங்கு உண்டு. பஸ் உள்ளே வந்ததும் நடத்துநர் பணத்தையும் டிக்கெட் கணக்கையும் ஒப்படைப்பார். சாரதி அன்று கண்ட குறையை எழுதிக் கொடுப்பார். பிறகு டீசல், கழுவல், ரயர் காற்று, ஒயில், குளிர்நீர். குறை எழுதப்பட்ட பஸ் கிடங்குக்குப் போகும். மற்றவை அடுத்த நாள் புறப்படும் வரிசைப்படி நிறுத்தப்படும். முதலில் போகவேண்டியது கடைசி வரிசையில் அடைபட்டால் காலையில் பத்து பஸ்ஸை நகர்த்தித்தான் அதை எடுக்க வேண்டும். இடநெருக்கடி உள்ள சாலைகளில் முதல் பஸ் பிந்துவதற்கு எஞ்சின் பழுது மட்டும் காரணமில்லை; பல நாள் இந்த நிறுத்தல் ஒழுங்குதான் காரணம்.

எத்தனை பஸ் வேண்டும் என்பது எளிய கணக்கு. யாழ்ப்பாணம் – பருத்தித்துறை வழித்தடத்தில் ஒரு வழி ஓட்டம் 70 நிமிடம், இரு முனையிலும் 10 நிமிடத் தரிப்பு என்று கொள்வோம். சுற்று 160 நிமிடம். 20 நிமிடத்துக்கு ஒரு பஸ் விடுவதானால் 160ஐ 20ஆல் வகுக்க 8 பஸ். கோப்பாயிலும் நெல்லியடியிலும் நெரிசல் கூடி ஒவ்வொரு வழியிலும் 10 நிமிடம் பிந்தினால் சுற்று 180 ஆகும். அதே சேவைக்கு 9 பஸ் வேண்டும். ஒன்பதாவது கிடைக்காவிட்டால் அட்டவணையில் 20 நிமிடம் என்றே இருக்கும், தரிப்பிடத்தில் நிற்பவருக்கு அது இருபத்திரண்டரை ஆகிவிடும். ஊர் வளர வளர பஸ் குறையாமலே சேவை குறைவது இப்படித்தான். வீதியில் ஓடும் பத்துக்கு ஒன்றாவது சாலையில் மேலதிகமாக நிற்கவும் வேண்டும். அந்த ஒன்றை 'சும்மா நிற்கிறது' என்று வேறு வழிக்கு அனுப்பிவிட்டால், முதல் பழுதிலேயே ஒரு சுற்று விழுந்துவிடும்.

அடுத்தது வெற்றோட்டம். பயணி இல்லாமல் சாலையிலிருந்து முதல் தரிப்பிடத்துக்கும், இரவில் கடைசித் தரிப்பிடத்திலிருந்து சாலைக்கும் பஸ் ஓடும் தூரத்துக்கு இந்தச் சொல்லைப் பரிந்துரைக்கிறோம். சாலைக்கும் புறப்படும் இடத்துக்கும் இடையில் 5 கிலோமீற்றர், பஸ் 40 என்றால் போக வர நாளுக்கு 400 கிலோமீற்றர். ஆண்டுக்கு 360 நாள் ஓடினால் 144,000 கிலோமீற்றர். லீற்றருக்கு 4 கிலோமீற்றர் என்றால் 36,000 லீற்றர் டீசல், ஒரு ரூபாய் வருமானமும் இல்லாமல்.

அதனால்தான் சாலையின் இடத்தைத் தீர்மானிப்பது காலைப் பயணத்தின் திசை. குடாநாட்டில் காலையில் கூட்டம் நகரை நோக்கி வருகிறது: பள்ளிக்கூடம், போதனா வைத்தியசாலை, கச்சேரி எனப்படும் மாவட்டச் செயலகம், கடை. ஆகவே முதல் பஸ்கள் நகரிலிருந்து வெளியே போகவேண்டியவை அல்ல, வெளி ஊர்களிலிருந்து உள்ளே வரவேண்டியவை. பருத்தித்துறையிலும் காரைநகரிலும் சாலை இருப்பதன் பயன் அதுதான். சாலையை விட்டுக் கிளம்பிய சற்று நேரத்தில் ஆட்களை ஏற்றத் தொடங்கலாம். சாலை இல்லாத முனைகளுக்கு இருக்கும் வழி இராத் தரிப்பு: கடைசிச் சேவை முடிந்த ஊரிலேயே பஸ்ஸும் சாரதியும் நடத்துநரும் தங்கி, விடிய அங்கிருந்தே தொடங்குவது. இதற்குப் பூட்டக்கூடிய அறை, கழிப்பிடம், வெளிச்சம் வேண்டும். இவற்றைச் செய்யாமல் இராத் தரிப்பை மட்டும் அட்டவணையில் எழுதினால் சில மாதத்தில் அந்த முதல் பஸ் மறைந்துபோகும். தீவுகளுக்குப் படகு ஏறும் குறிகாட்டுவான் போன்ற இடத்தில் அது இன்னும் கடுமை. நயினாதீவு, நெடுந்தீவுப் படகோடு பஸ் பொருந்தாவிட்டால் இழப்பு பத்து நிமிடமல்ல, அடுத்த படகு.

நிலக் கணக்கை நம் அளவிலேயே சொல்லலாம். 12 மீற்றர் பஸ் ஒன்று நிற்க 30 சதுர மீற்றர் போதும். திரும்ப, கழுவ, எண்ணெய் ஊற்ற, திருத்த எல்லாம் சேர்த்தால் 100 முதல் 120 வரை வேண்டும். ஒரு பரப்பு ஏறத்தாழ 253 சதுர மீற்றர். ஆக, பரப்புக்கு இரண்டு பஸ். 50 பஸ்ஸுக்கு 25 பரப்பு, ஒன்றரை ஏக்கருக்குச் சற்று மேல். வளரும் நகரில் இந்த நிலத்தை இன்றே ஒதுக்கி வைக்காவிட்டால் பிறகு கிடைக்காது. கிடைத்தாலும் வெற்றோட்டம் கூடும் தூரத்தில்தான் கிடைக்கும்.

யாழ்ப்பாணத்துக்கென்று ஒரு தனிக் கவனமும் உண்டு. நமக்குக் கீழே சுண்ணக்கல். மேலே ஊற்றியது விரைவில் கிணற்றுக்குப் போய்ச் சேரும். சுன்னாகத்தில் கிணறுகளில் எண்ணெய் கலந்தபோது பட்ட பாட்டை எவரும் மறக்கவில்லை. குழாய் பிடித்துக் கழுவினால் பஸ்ஸுக்கு 300 லீற்றர் என்றாலும் 50 பஸ்ஸுக்கு நாளுக்கு 15,000 லீற்றர் எண்ணெய்த் தண்ணீர். கழுவும் தளத்துக்குச் சீமெந்துத் தரை, வடிகால், எண்ணெய் பிரிக்கும் தொட்டி மூன்றும் இல்லாமல் சாலை கட்டவே கூடாது. தொட்டி கட்டினால் மட்டும் போதாது, படிந்ததை ஒழுங்காக அள்ளவும் வேண்டும். நிரம்பிய தொட்டி இல்லாத தொட்டிதான். தீவுப்பகுதிக்கு ஓடும் பஸ்களின் அடிப்பகுதியை உப்பு தின்னும். அவற்றுக்கு நன்னீரால் அடிக்கழுவல் கட்டாயம்.

இனிப் பணம். இங்கே ஒரு பஸ் பயணத்தைப் பல கைகள் தூக்குகின்றன. 1958 ஜனவரி 1இல் பஸ் சேவை அரசுடைமையானபோது எல்லாம் ஒரு சபையின் கீழ் வந்தது. இன்று இலங்கைப் போக்குவரத்துச் சபை 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி மத்திய அரசின் கீழ். மாகாணங்களுக்கு இடையே ஓடும் தனியார் பஸ்ஸுக்கு அனுமதிப்பத்திரம் கொடுப்பது 1991இல் சட்டமான தேசிய போக்குவரத்து ஆணைக்குழு. மாகாணத்துக்குள் ஓடுவதற்கு மாகாண அதிகாரசபை. 1987இன் 13ஆவது திருத்தம் தந்த அதிகாரம் அது. வீதி சிலது வீதி அபிவிருத்தி அதிகாரசபையிடம், சிலது மாகாணத்திடம், சிலது பிரதேச சபையிடம். தரிப்பிடக் கொட்டகை பெரும்பாலும் உள்ளூராட்சியின் கையில். இத்தனை பேர் சேர்ந்து போடும் திட்டத்தில் சாலை எவருக்கும் நினைவுக்கு வராமல் விடுபடுவது எளிது.

அதற்குமேல் மூலதனச் செலவு, மீண்டெழும் செலவு என்ற பிரிவு. புதிய பஸ் மூலதனம். கடனாகவோ நன்கொடையாகவோ வரும். ரயர், பற்றரி, ஒயில், சம்பளம் மீண்டெழுவன. டிக்கெட் பணத்திலும் திறைசேரி கொடுப்பதிலும் வரவேண்டும். மாணவர் பருவச்சீட்டுக்கும் வருமானமில்லாத கிராமத் தடங்களுக்கும் உரிய ஈடு பிந்தினால் முதலில் நிற்பது உதிரிப்பாகக் கொள்வனவு. பிறகு ஒரு பஸ்ஸில் கழற்றி மற்றதில் பூட்டுவார்கள். அசோக் லேலண்டுக்கும் டாட்டாவுக்கும் பாகம் மாறாது. இரண்டும் கலந்திருக்கும் சாலையில் இரண்டுக்கும் தனித்தனிக் கையிருப்பு வேண்டும். பஸ் வாங்கும் ஒப்பந்தத்திலேயே ஐந்தாண்டுக்கான பாகத்தையும் ஒரு கிடங்கையும் இரண்டு மெக்கானிக்குகளின் பயிற்சியையும் சேர்க்கச் சொல்வது இதனால்தான்.

சொல்லைக் கைவிட்டால் இந்த இடத்தில் நேரடி நட்டம் உண்டு. தமிழக வழக்கைப் பார்த்து எழுதும் மொழிபெயர்ப்புகள் வீதியையும் 'சாலை' என்றே எழுதத் தொடங்கியிருக்கின்றன. வரவுசெலவுத் திட்டத்தில் "சாலை மேம்பாடு" என்று ஒரு வரி இருந்தால் அது வீதிக்குத் தார் போடவா, டிப்போவில் கிடங்கு கட்டவா? ஆகவே திட்ட ஆவணங்களில் பாதைக்கு எப்போதும் வீதி என்றே எழுதுங்கள். டிப்போவுக்கு மட்டும் சாலை. வெளியூர் வாசகருக்கும் போகும் கட்டுரையானால் முதல் தடவை 'டிப்போ எனப்படும் பஸ் சாலை' என்று விரித்து, பிறகு சாலை என்று தொடரலாம். 'பேருந்துச் சாலை' வேண்டாம். பேருந்துக்கென ஒதுக்கிய தடம் என்று கொள்ள இடம் தரும். பெயரோடு சேரும்போது வல்லினம் மிகும்: பருத்தித்துறைச் சாலை, காரைநகர்ச் சாலை, யாழ்ப்பாணச் சாலை.