நேச நாடு: சொல்லும் பொருளும்

'நேச நாடு' என்ற சொல்லைப் பெரும்பாலோர் முதலில் சந்தித்தது பள்ளி வரலாற்றுப் புத்தகத்தில்தான். இந்தப் பக்கம் நேச நாடுகள், அந்தப் பக்கம் அச்சு நாடுகள். போரில் ஓரணியில் நிற்பதாக ஒப்பந்தம் செய்துகொண்ட நாடுகளுக்கு வைத்த பெயர் அது. இதற்கு ஆங்கிலத்தில் உள்ள சொல்லின் லத்தீன் வேருக்குக் 'கட்டுதல், பிணைத்தல்' என்று பொருள். அதில் அன்புக்கு வேலையே இல்லை. தமிழில் அந்தக் கட்டு கழன்றுபோய், அதன் இடத்தில் நேசம் வந்து உட்கார்ந்துவிட்டது. இச்சொல்லைச் சுற்றியுள்ள குழப்பத்தில் பாதி இதனால் வந்ததே.

நேசம், நேயம், சிநேகம் மூன்றையும் வடமொழி 'ஸ்நேஹ' என்பதோடு சேர்த்துச் சொல்வது அகராதி வழக்கு. 'ஸ்நேஹ' என்றால் முதலில் எண்ணெய்ப் பசை, பிறகுதான் அன்பு. தனித்தமிழ் அறிஞர்கள் இதை ஏற்பதில்லை. 'நெய்' என்பதிலிருந்தே நேயம் பிறந்தது என்பார்கள். எந்தப் பக்கம் போனாலும் ஒட்டிக்கொள்ளும் பிசுக்குதான் மூலம் என்பது வேடிக்கை.

சரி, நட்பு நாடும் நேச நாடும் ஒன்றா? நாளிதழ்கள் ஒன்றாகவே எழுதுகின்றன. கண்டிப்பாகப் பார்த்தால் இல்லை. தாக்குதல் நடந்தால் துணைக்கு வருவோம் என்று எழுதிக் கையெழுத்திட்டது நேச நாடு. 1953 ஒப்பந்தப்படி அமெரிக்காவும் தென் கொரியாவும் அப்படி. உறவு சுமுகமாக இருந்தாலே போதும், அது நட்பு நாடு. 'கூட்டணி நாடு' பொருளளவில் சரியானது. ஆனால் கூட்டணி என்றதும் நமக்குத் தேர்தல் தொகுதிப் பங்கீடு நினைவுக்கு வந்து தொலைக்கிறது.

பழந்தமிழில் இதற்குத் தனிச்சொல்லே தேவைப்படவில்லை. 'படைகுடி கூழ்அமைச்சு நட்பரண் ஆறும் உடையான் அரசருள் ஏறு' என்ற குறளில் வரும் நட்பு, தோளில் கைபோட்டுத் திரியும் நட்பு மட்டுமல்ல. படையையும் கோட்டையையும் போல அரசின் உறுப்புகளில் ஒன்று அது. அர்த்தசாஸ்திரம் 'மித்ர' என்று ஏழாவது அங்கமாகச் சொல்வதும் இதைத்தான். குறளில் நட்புக்கு அடுத்தடுத்து வரும் அதிகாரங்களில் ஒன்றின் பெயர் 'பழைமை'. நெடுங்கால நட்புக்கு இவ்வளவு சுருக்கமான பெயர் வேறெங்கும் கிடைக்காது.

இதைவிடச் சுவையானது அகப்பொருள் இலக்கணத்தில் இருக்கிறது. தலைவன் தலைவியைப் பிரிவதற்கான காரணங்களை அடுக்கும்போது இறையனார் களவியல் 'வேந்தர்க்கு உற்றுழி' என்று ஒன்றைச் சேர்க்கிறது. வேந்தனுக்கு ஓர் இடர் வந்தபோது உதவப் போவது. நம்பியகப்பொருளில் இதன் பெயர் 'துணைவயிற் பிரிவு'. உற்ற + உழி, அதாவது இடர் வந்துற்ற இடத்தில், அந்த நேரத்தில். 'உற்றுழி உதவியும்' என்று புறநானூற்றிலும் வருகிறது. நெருக்கடியில் நேச நாட்டுக்குத் தரும் ஆதரவைத் தூய தமிழில் சொல்ல வேண்டுமென்றால் நான் 'உற்றுழித் துணை' என்பேன். 'துணை நாடு' என்பதும் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் துணைவேந்தர், துணைத்தலைவர் போல இரண்டாம் நிலை என்ற வாடை இப்போது அதில் ஏறிவிட்டது.

ஆனால் இந்தப் பழஞ்சொற்கள் அரசனுக்கு அரசன் துணைபோகும் காலத்தவை. துணை என்றால் யாருக்கு என்ற கேள்வி அங்கே எழவில்லை. நெருக்கடி உள்நாட்டிலேயே கிளம்பும்போதுதான் சிக்கல். இதற்கு மாலத்தீவைப் பார்த்தால் போதும்.

1988 நவம்பர் 3-ஆம் தேதி அப்துல்லா லுத்தூஃபி என்ற தொழிலதிபரின் தலைமையில், இலங்கைத் தமிழ் ஆயுதக் குழுவான புளொட்டைச் சேர்ந்தவர்கள் தலைநகர் மாலேயைக் கைப்பற்ற முயன்றார்கள். அதிபர் கயூம் உதவி கேட்டார். அன்றிரவே ஆக்ராவிலிருந்து கிளம்பிய இந்திய விமானங்கள் ஹுல்ஹுலே தீவில் பாராசூட் படையினரை இறக்கின. சில மணி நேரத்தில் மாலே மீண்டது. கப்பலில் தப்பியவர்களை இந்தியக் கடற்படை கடலில் மடக்கியது. கேட்டவர் ஆட்சியில் இருப்பவர், எதிரில் நின்றது கூலிப்படை. உற்றுழித் துணை என்பதற்கு அச்சு அசலான உதாரணம்.

2018 பிப்ரவரியில் அதே மாலத்தீவு. அரசியல் கைதிகளை விடுவிக்கச் சொன்னது உச்ச நீதிமன்றம். அதிபர் யாமீன் நெருக்கடி நிலையை அறிவித்து, தலைமை நீதிபதியைக் கைது செய்தார். ஒரே தந்தைக்கு வேறு தாயிடம் பிறந்த தன் அண்ணனான அதே கயூமையும் விட்டுவைக்கவில்லை. இந்த முறை படையின் பக்கபலத்தோடு தூதரை அனுப்புங்கள் என்று கேட்டவர் முன்னாள் அதிபர் நஷீத். இந்தியா கவலை தெரிவித்ததே தவிரப் படை அனுப்பவில்லை. செப்டம்பர் தேர்தலில் யாமீன் தோற்றார். டிசம்பரில் புதிய அரசுக்கு 140 கோடி டாலர் நிதியுதவியை இந்தியா அறிவித்தது.

1988-இல் செய்ததை 2018-இல் செய்திருந்தால் அதன் பெயர் துணை அல்ல, 'தலையீடு'. அழைத்தவர் யார், அவருக்கு அழைக்கும் உரிமை இருந்ததா என்பதை வைத்தே சொல் மாறும். ஐ.நா. சாசனத்தின் 2(7) பிரிவு, 'உள்நாட்டு விவகாரம்' எதிலும் தலையிடக் கூடாது என்று கோடு போட்டிருப்பது ஐ.நா.வுக்குத்தான். ஆனால் நாடுகளும் தங்களுக்குள் இதே சொல்லைத்தான் கேடயமாகத் தூக்குகின்றன.

வெளியுறவு அறிக்கைகளில் அதனால்தான் பெயர்ச்சொற்களைப் பொறுக்கி எடுத்து வைக்கிறார்கள். 2022-இல் இலங்கை எரிபொருளின்றித் தவித்தபோது இந்தியா கடனுதவி தந்தது. தமிழ்நாடு அரிசி, பால்மாவு, மருந்து அனுப்பியது. அந்த ஜூலையில் அதிபர் கோத்தபய நாட்டைவிட்டுப் போனதும், அதற்கு உதவியது இந்தியா என்று பேச்சு கிளம்பியது. கொழும்பிலிருந்த இந்தியத் தூதரகம் அதை உடனே மறுத்தது. இலங்கை மக்களுக்கு ஆதரவு தொடரும் என்றும் சொன்னது. அரசுக்கு என்று சொல்லவில்லை, அதிபருக்கு என்றும் சொல்லவில்லை.

செய்தி எழுதுகிறவர்களுக்கு என் பரிந்துரை இது: தாக்குதல் நடந்தால் துணைக்கு வருவோம் என்ற ஒப்பந்தம் இருந்தால் மட்டும் நேச நாடு என்று போடுங்கள், மாலத்தீவு, இலங்கைக்கு நட்பு நாடு போதும். 'நேச நாட்டுக்கு ஆதரவு' என்று தலைப்பு வைக்கிறீர்களா? அப்புறம் முதல் வரியிலேயே ஆதரவு அரசுக்கா, நாடாளுமன்றத்துக்கா, மக்களுக்கா என்று எழுதிவிடுங்கள்.