வாரண்டி முடிந்தபின் கியர்பாக்ஸ் பழுதா? பழைய ஜாப் கார்டுகளைத் தேடுங்கள்

நுகர்வோர் வழக்குகளை நடத்திவரும் வழக்கறிஞன் என்ற முறையில், கியர்பாக்ஸ் பழுது என்று என்னிடம் வருபவர்களிடம் நான் முதலில் கேட்பது பழைய ஜாப் கார்டுகளை, அதாவது சர்வீஸுக்கு வண்டியை விடும்போது நாம் சொல்லும் குறைகளை எழுதித் தரும் தாள்களைத்தான்.

சென்ற ஆண்டு வந்த ஒருவர், 14 லட்சம் ரூபாய்க்கு இரட்டைக் கிளட்ச் தானியங்கி கியர்பாக்ஸ் கொண்ட காரை வாங்கியவர். மூன்றாண்டு வாரண்டி முடிந்த ஏழாவது வாரத்தில் அது கத்திப்பாரா மேம்பாலத்தில் ஏறும்போது நின்றுவிட்டது. கியர்பாக்ஸை இயக்கும் மின்னணுக் கட்டுப்பாட்டு அலகை மாற்ற இரண்டேகால் லட்சம் ஆகும், முழுவதையும் நீங்களே கட்ட வேண்டும் என்று சர்வீஸ் சென்டரில் சொல்லிவிட்டார்கள். முதல் கியரிலிருந்து இரண்டாவதற்கு மாறும்போது வண்டி உதறுகிறது என்று அவர் வாரண்டி இருக்கும்போதே இரண்டு முறை சொல்லியிருந்தார். "இந்த மாடல் எல்லாமே இப்படித்தான் சார்" என்பதே பதில். அந்த இரண்டு ஜாப் கார்டுகளையும் மேசையில் விரித்தோம். ஒன்றில் 'ஜெனரல் சர்வீஸ்' என்று மட்டும் இருந்தது. மற்றொன்றில் பொறுப்புள்ள பணியாளர் ஒருவர் 'ஃபர்ஸ்ட் டு செகண்ட் ஜெர்க்' என்று பேனாவால் எழுதி, ஓடிய கிலோமீட்டரையும் குறித்திருந்தார். கார் உரிமையாளரின் கோரிக்கை முழுவதும் அந்த ஒரு வரியின்மேல்தான் நின்றது.

வாரண்டி முடிந்துவிட்டது என்பதாலேயே சட்டத்தின் கதவு மூடிவிடுவதில்லை. ஆனால் உற்பத்திக் குறைபாட்டை நிரூபிக்கும் பொறுப்பு வாங்கியவருடையது. எதிர்த்தரப்பு, ஓட்டிய விதம்தான் காரணம் என்று வாதிடும். குறை வாரண்டிக் காலத்திலேயே தலைகாட்டியது என்று அவர்களுடைய காகிதமே சொன்னால் அந்த வாதம் வலுவிழக்கும். ஆகவே நீங்கள் சொன்ன குறை, சொன்ன சொற்களிலேயே பதிவாகும்வரை ஜாப் கார்டில் கையெழுத்திடாதீர்கள்.

அடுத்த தவறு, கழற்றிய பாகத்தை அங்கேயே விட்டுவிட்டு வருவது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன் 38-ஆம் பிரிவின்படி குறைபாடுள்ள பொருளை ஆய்வகச் சோதனைக்கு அனுப்ப, புகாரை விசாரிக்கும் நுகர்வோர் ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. பாகமே இல்லையென்றால் எதை அனுப்புவது? கியர்பாக்ஸைத் திறப்பதற்கு முன்பே காரின் கணினி பதிவுசெய்துள்ள பிழைக் குறியீடுகளின் அச்சுப் பிரதியையும், பழைய பாகங்கள் எனக்கு வேண்டும் என்ற கோரிக்கைக்கான ஒப்புகையையும் வாங்கிவிடுங்கள்.

வழக்குக்கு முன் உற்பத்தியாளருக்கு எழுத்துமூலம் முறையிடுவது பயனுள்ளது. அமெரிக்காவில் ஃபோர்டு நிறுவனமே 2014-இல் ஃபியஸ்டா, ஃபோகஸ் கார்களின் பவர்ஷிஃப்ட் என்ற இரட்டைக் கிளட்ச் கியர்பாக்ஸின் கிளட்சுக்கான வாரண்டியை 7 ஆண்டு அல்லது 1 லட்சம் மைல் என்று நீட்டியது. நல்லெண்ண அடிப்படையில் ஒரு பகுதிச் செலவை ஏற்க உற்பத்தியாளர்கள் முன்வரக்கூடும். அப்போது நீட்டப்படும் தாளில் 'முழுமையான, இறுதியான தீர்வு' (அதாவது, இனி எதுவும் கேட்க மாட்டேன்) என்ற சொற்கள் உள்ளனவா என்று படித்துவிட்டுக் கையெழுத்திடுங்கள். காப்பீட்டை நம்ப வேண்டாம். வழக்கமான மோட்டார் பாலிசி இயந்திரப் பழுதை ஏற்பதில்லை.

வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்குள், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் ஆணையத்திலேயே புகார் அளிக்கலாம். 14 லட்சம் ரூபாய்க் காருக்குக் கட்டணம் 400 ரூபாய்தான். வாடகைக்கு ஓட்டும் வண்டியென்றால், அதை உங்கள் சொந்தப் பிழைப்புக்காகவே ஓட்டுகிறீர்கள் என்று காட்ட வேண்டியிருக்கும்.

கத்திப்பாராவில் நின்ற காருக்காக அந்த ஜாப் கார்டின் நகலை இணைத்து அறிவிப்பு அனுப்பினோம். மூன்று வாரத்தில் பாகத்தின் விலையை உற்பத்தியாளர் ஏற்றுக்கொண்டார். வேலைக்கூலியை மட்டும் கார் உரிமையாளர் கட்டினார்.