‘பக்’ என்றதும் மூளையில் எழும் எறும்பும் உளவாளியும்

‘ரன்’ என்ற ஒரே ஒரு ஆங்கில வினைச்சொல்லுக்கு ஆக்ஸ்ஃபோர்ட் அகராதிக்காரர்கள் 645 அர்த்தம் எண்ணியிருக்கிறார்களாமே, அப்புறம் எப்படி நாம் ஆங்கிலச் செய்தியைக் குழப்பமில்லாமல் கேட்கிறோம் என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். நல்ல கேள்வி. ஆனால் 645-ஐக் கட்டி மேய்க்க இங்கே இடமில்லை, அதனால் ‘பக்’ என்ற சின்னச் சொல்லை எடுத்துக்கொள்கிறேன்.

பக் என்றால் பூச்சி. மென்பொருள் கோளாறும் பக்தான். அறையில் ஒளித்துவைக்கும் ஒட்டுக்கேட்புக் கருவி, சளி காய்ச்சல் தரும் கிருமி, வினைச்சொல்லாக வந்தால் நச்சரிப்பது, எல்லாம் அதே சொல். 1947-ல் ஹார்வர்ட் மார்க் 2 கணினியின் ரிலே என்ற மின்சுவிட்சில் ஒரு அந்துப்பூச்சி சிக்கியதால்தான் கோளாறுக்கு அந்தப் பெயர் வந்தது என்று ஒரு கதை ஓயாமல் சுற்றிக்கொண்டிருக்கிறது. பூச்சி சிக்கியது நிஜம், அதைப் பதிவேட்டில் ஒட்டியும் வைத்தார்கள். ஆனால் பக்கத்திலேயே, நிஜமான பக் ஒன்று அகப்பட்ட முதல் சம்பவம் என்றும் எழுதியிருக்கிறார்கள். சொல் ஏற்கெனவே புழக்கத்தில் இல்லாவிட்டால் அந்தக் கிண்டலுக்கு அர்த்தமே இல்லை. எடிசன் 1878-லேயே ஒரு கடிதத்தில் இதே பொருளில் எழுதியிருக்கிறார். சரி, மூளைக்கு வருவோம்.

சுற்றியுள்ள சொற்களை வைத்து மூளை சரியான அர்த்தத்தை மட்டும் எடுக்கிறது, மற்றதைத் தொடுவதேயில்லை என்றுதான் யாருக்கும் தோன்றும். 1979-ல் டேவிட் ஸ்வின்னி என்ற அமெரிக்க உளவியலாளர் வெளியிட்ட சோதனை இதைக் கவிழ்த்துப் போட்டது. ஆட்களுக்கு ஹெட்போன் மாட்டி ஒரு சிறுகதைத் துணுக்கைக் கேட்க வைத்தார். ஓர் அரசுக் கட்டடம், அதில் ஒருவர் தன் அறையின் மூலையில் சிலந்தி, கரப்பான், இன்னும் சில ‘பக்’குகளைப் பார்க்கிறார். சிலந்தியும் கரப்பானும் வந்துவிட்டதால் பூச்சி என்பதில் சந்தேகமே இல்லை. பக் என்ற சொல் காதில் விழுந்து முடியும் அதே நொடியில் எதிரே திரையில் சில எழுத்துகள் தோன்றும், அது உண்மையான ஆங்கிலச் சொல்லா இல்லையா என்று பட்டனை அழுத்திச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான் வேலை. ஒரு பொருள் மனதில் ஏற்கெனவே விழித்திருந்தால் அதோடு தொடர்புள்ள சொல்லுக்கு விரல் கொஞ்சம் சீக்கிரமாகவே பட்டனுக்குப் போகும், ஸ்வின்னி அளந்தது இந்தச் சில மில்லிசெகண்ட் வித்தியாசத்தைத்தான்.

திரையில் வந்தவை எறும்பு, உளவாளி, தையல் ஆகியவற்றுக்கான ஆங்கிலச் சொற்கள். தையலுக்கும் பக்குக்கும் சம்பந்தமில்லை, அது ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக வைத்தது. எறும்புக்கு விரல் வேகமாகப் போனது, எதிர்பார்த்ததுதான். உளவாளிக்கும் அதேபோல வேகமாகப் போனது! கதை முழுக்கப் பூச்சியாக இருக்கும்போதே, கேட்டவருக்குத் துளியும் தெரியாமல், ஒட்டுக்கேட்புக் கருவியும் உள்ளே எழுந்துவிட்டது. அதே சோதனையை மூன்று அசை தள்ளி, அதாவது ஒரு விநாடிக்குள்ளாகவே, செய்து பார்த்தால் எறும்பு மட்டும் வேகமாக இருக்கிறது, உளவாளி தையலோடு போய் உட்கார்ந்துவிட்டது.

ஆக, ஒலி வந்ததும் அதற்குரிய அர்த்தங்கள் எல்லாம் சூழலைக் கேட்காமலேயே எழுகின்றன, அதன்பிறகுதான் சூழல் வந்து வேண்டாததை அணைக்கிறது என்றார் ஸ்வின்னி. பார்க்க வீண் வேலை போலத் தெரியும். ஆனால் பேச்சு நமக்காக நிற்காது, எல்லாவற்றையும் எடுத்து வைத்துவிட்டுக் கழிப்பதுதான் வேகமான வழி என்பது என் கட்சி. ஒரு ஹெட்போன், ஒரு திரை, நேரம் அளக்க ஒரு கருவி, இதை வைத்து மூளையின் ஒரு விநாடிக்குள் எட்டிப் பார்த்திருக்கிறார் மனிதர். நம்மூரில் இதற்குப் பணம் கேட்டால் ‘இதனால் நாட்டுக்கு என்ன லாபம்’ என்றுதான் முதல் கேள்வி வரும், எனக்கு அதில் தீராத எரிச்சல்.

எல்லா அர்த்தமும் ஒரே பலத்தோடு எழுவதில்லை என்பது பிறகு தெரிந்தது. கீத் ரேனர், சூசன் டஃபி என்ற உளவியலாளர்கள் 1980-களில் வாசிப்பவர்களின் கண் அசைவை அளந்தார்கள். இரண்டு அர்த்தமும் சம அளவில் புழங்கும் சொல்லாக இருந்து, முன்னால் துப்பு எதுவும் இல்லையென்றால் கண் அதில் கூடுதல் நேரம் தங்குகிறது. ஓர் அர்த்தம் ரொம்பப் பிரபலமாக இருந்து, முன்னால் வந்த வரிகள் மற்ற அர்த்தத்தைக் கேட்டாலும் அப்படியே தங்குகிறது, இரண்டும் போட்டி போடுகின்றன போல.

எது பிரபலம் என்பதும் ஆளுக்கு ஆள் மாறும். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜின் ஜெனிஃபர் ராட் குழுவினர் படகுப் போட்டிக்காரர்களைச் சோதித்தார்கள். ‘ஃபெதர்’ என்றால் நமக்கு இறகு, துடுப்பு போடுகிறவர்களுக்கோ துடுப்பைத் திருப்பிப் பிடிக்கும் ஒரு முறையும் அதுதான், அந்த அர்த்தம் அவர்களுக்கு மற்றவர்களைவிட எளிதாக வருகிறது. அந்தக் கணக்கில் பார்த்தால், நாளெல்லாம் கணினி நிரல் எழுதுகிறவரிடம் ‘பக்’ என்று சொல்லிப் பாருங்கள், எறும்பு கொஞ்சம் தாமதமாகத்தான் வரும்.