ஒரே சர்வர்ல ரெண்டு வெர்ஷன், சண்டை இல்லாம குடியிருக்கிறது எப்படி?

போன வாரம் ஒரு தம்பி கேட்டிருந்தாரு: "அண்ணே, எங்க லேப்ல ஒரே சர்வர், இருபது பேரு. ஒருத்தருக்குப் பழைய பைத்தான், இன்னொருத்தருக்குப் புதுசு. ஒண்ணைப் போட்டா இன்னொண்ணு படுத்துக்குது. வழி இருக்கா?"

இருக்கு தம்பி.

லினக்ஸ்ல ஓடுற ஃபைல் ஒரு ஃபோல்டர்ல, லைப்ரரி (பல ப்ரோகிராம்கள் பொதுவா எடுத்துப் பயன்படுத்துற கோடு) இன்னொண்ணுல, மேனுவல் வேறொண்ணுலன்னு வகை பிரிச்சு வைக்கிறது வழக்கம், 1994லயே இதுக்கு ஒரு பொது வரையறை வந்தாச்சு. எங்க தேடணும்னு எல்லாருக்கும் தெரியும், அது நல்லதுதான், ஆனா ஒரே பேர்ல ரெண்டு லைப்ரரி வந்தா ரெண்டாவது வந்தது முதல்ல இருந்தது மேல ஏறி உக்காந்துடும். ஒரு தடவை ஆபீஸ் மெஷின்ல ஓபன்எஸ்எஸ்எல்ங்கிற குறியாக்க லைப்ரரியைக் கையால மாத்திட்டேன், அதை நம்பி இருந்த எஸ்எஸ்எச் (தூரத்துல இருந்து மெஷினுக்குள்ள நுழையற வழி) அப்படியே நின்னுபோச்சு, ராத்திரி பதினோரு மணிக்கு நேர்ல போய் கன்சோல்ல உக்காந்துதான் சரி பண்ணினேன்.

குனு ஸ்டோ மாதிரி கருவிகள் ஒவ்வொரு மென்பொருளையும் தனி ஃபோல்டர்ல வச்சுட்டு பொது இடத்துல சிம்லிங்க், அதாவது அசல் ஃபைல் இருக்கிற இடத்தைக் காட்டுற குறுக்குவழி, மட்டும் போடும். அழிக்கிறது சுலபம், ஆனா பொது இடத்துல ஒரு பேருக்கு ஒரு லிங்க்தான், ரெண்டு வெர்ஷனுக்கு அங்க இடமில்ல.

நெதர்லாந்துல, உட்ரெக்ட் பல்கலைக்கழகத்துல, ஈல்கோ டோல்ஸ்ட்ரா 2003ல ஆரம்பிச்ச நிக்ஸ்ங்கிற மென்பொருள் நிறுவுற கருவி இதை வேற மாதிரி பிடிச்சுது. சோர்ஸ் கோடு, அதை ஓடுற ஃபைலா மாத்துற கம்பைலர், அதுக்குக் கொடுக்கிற ஃப்ளாக் (செட்டிங்), நம்பியிருக்கிற லைப்ரரிகள்னு ஒரு மென்பொருளை பில்டு பண்ண உள்ள போற எல்லாத்தையும் சேர்த்து ஒரு ஹேஷ், அதாவது கைரேகை மாதிரி ஒரு சின்னக் குறியீடு, எடுத்து அதை ஃபோல்டர் பேரோட தொடக்கத்துல வச்சுடும். ஹேஷோட நீளம் 32 எழுத்து. அதுல வரக்கூடியது பத்து இலக்கமும் 22 ஆங்கில எழுத்தும்தான். ஈ, ஓ, டீ, யூ நாலையும் எடுத்துட்டாங்க, தற்செயலா கெட்ட வார்த்தை எதுவும் அமைஞ்சுடக் கூடாதுன்னு! ஒரு ஃப்ளாக் மாறினாலும் ஹேஷ் மாறும், ஃபோல்டரும் மாறும். பழசை யாரும் தொடவே முடியாது. ரெண்டு பேரு அச்சு அசலா ஒரே பில்டைக் கேட்டா ஹேஷும் ஒண்ணுதான், டிஸ்க்ல ஒரே ஒரு காப்பிதான்.

எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம் இனிமேதான். பில்டு முடிஞ்சதும், இந்த ப்ரோகிராம் ஓடுறதுக்கு எதெல்லாம் கூடவே இருக்கணும்னு நிக்ஸ் யாரையும் கேக்கிறதில்ல. உள்ள கொடுத்த பொருட்களோட ஹேஷ் அதுக்கு ஏற்கனவே தெரியும்ல, வெளிய வந்த ஃபைலை பைட் பைட்டா வாசிச்சு அந்த 32 எழுத்து எங்கயாவது இருக்கான்னு தேடும். லைப்ரரியோட முழு விலாசம் பைனரிக்குள்ளயே (பில்டு பண்ணி வந்த ஓடுற ஃபைல்) எழுதியிருக்கும், அதனால ஹேஷ் கண்ணுல பட்டா அது தேவை. கம்பைலரோட ஹேஷ் எங்கயும் இல்லையா, அப்போ பில்டு பண்ணத்தான் கம்பைலர் வேணும், ஓட வேணாம். மனுஷன் லிஸ்ட் எழுதினா ஏதாவது ஒண்ணு விட்டுப்போகும், இங்க ஃபைலே சாட்சி சொல்லுது. ஃபைலை கம்ப்ரெஸ் பண்ணி வச்சிருந்தா உள்ள இருக்கிற ஹேஷ் தெரியாது, அந்த ஓட்டை உண்மைதான். ஆனாலும் இவ்ளோ எளிமையான யோசனை இவ்ளோ தூரம் தாங்குதேன்னு ஒவ்வொரு தடவையும் ஆச்சரியமா இருக்கு. யாருக்கும் தேவைப்படாத ஃபோல்டரைக் கண்டுபிடிச்சுக் கூட்டித் தள்றதும் இதே கணக்கை வச்சுத்தான்.

மத்ததெல்லாம் லேசு. ஒவ்வொரு யூசருக்கும் ப்ரொஃபைல்னு ஒரு சிம்லிங்க், அது அவங்களுக்கு வேண்டிய தொகுப்பைக் காட்டும். அப்டேட்னா புது தொகுப்பைத் தனியா கட்டி முடிச்சுட்டு கடைசியா அந்த லிங்க்கை மட்டும் ஒரே அடியில திருப்புறது. நடுவுல கரண்ட் போனாலும் பழசு இருக்கும் இல்ல புதுசு இருக்கும், பாதி புதுசு பாதி பழசுன்னு ஒரு நிலை வராது.

"ஓடுற மெஷினைத் தொடாதே"ன்னு பல லேப்கள்ல வருஷக்கணக்கா அப்டேட் பண்ணாம வச்சிருக்காங்க. இது மூடநம்பிக்கை, பழைய ஓட்டையெல்லாம் திறந்தே கிடக்கும். தொட்டா திரும்பி வர வழி இல்லாததால வந்த பயம் இது, நிக்ஸ்ல லிங்க்கைப் பழைய தொகுப்புக்கே திருப்பிடலாம், அப்படி வழி இருந்தா பயம் போயிடும். இன்னொண்ணும் சொல்லணும், டோல்ஸ்ட்ரா இதைத்தான் 2006ல பிஹெச்டி ஆய்வா கொடுத்தாரு. ஃபைலை எங்க வைக்கிறதுன்னு யோசிக்கிற ஒரு மாணவருக்கு நம்ம ஊர்ல ஃபெல்லோஷிப் கொடுப்பாங்களா? கொடுக்கணும்னு நான் அழுத்திச் சொல்வேன்.

தம்பி, சர்வர்ல அட்மினை ஒரே ஒரு தடவை மல்டி யூசர் முறையில நிக்ஸைப் போடச் சொல்லுங்க. அப்புறம் இருபது பேரும் ரூட் பாஸ்வேர்டு கேக்காமலே அவங்கவங்க பைத்தானைப் போட்டுக்கலாம். டிஸ்க்ல மட்டும் நிறைய இடம் விட்டு வைங்க, பழைய தொகுப்பெல்லாம் கூட்டுற வரைக்கும் அங்கேயேதான் கிடக்கும்.